அரூப ஓவியம் யாருக்குச் சொந்தம்?

அரூப ஓவியம் என்றாலே முதலாளித்துவச் சீரழிவின் வெளிப்பாடு என்று ஒதுக்கும் போக்கு நம் தோழர்கள் பலரிடம் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா அதனைத் தன் ‘சுதந்திர உலகின்’ அடையாளமாக முன்னிறுத்தியது. அப்பணியில் பங்காற்றிய பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரசுக்குச் சி.ஐ.ஏ. இரகசியமாக நிதி வழங்கியது 1960களின் பிற்பகுதியில் அம்பலமானது. ஆனால், எதிரி பயன்படுத்தியதாலேயே ஒரு கலை எதிரிக்குச் சொந்தமாகிவிடுமா?

டென்மார்க் ஓவியர் அஸ்கர் யோர்னின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. அவரது நூற்றாண்டையொட்டி 2014இல் கோபன்ஹேகனிலுள்ள தேசியக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்துப் பெரும் கண்காட்சி நடத்தியது. ‘ஓய்வறியாக் கலகக்காரர்’ என்பது அதன் தலைப்பு.

அத்தலைப்பு மிகையன்று. நாஜி ஆக்கிரமிப்பின்போது யோர்ன் கம்யூனிஸ்டாக எதிர்ப்பு இயக்கத்தில் நின்றார். 1948இல் பாரிசில் ‘கோப்ரா’ குழுவை நிறுவியோருள் ஒருவரானார். கோபன்ஹேகன், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களின் முதலெழுத்துகளால் அமைந்தது அப்பெயர். குழந்தைகளின் கிறுக்கல்களிலும் நாட்டுப்புறக் கலையிலும் அக்குழுவினர் தங்கள் ஊற்றைக் கண்டனர். படைப்பாற்றல் மேதைகள் சிலரின் தனியுடைமை அல்ல, மக்கள் அனைவரின் உடைமை என்பதே அவர்களது நிலைப்பாடு.

1964இல் அமெரிக்காவின் குகன்ஹைம் நிறுவனம் அவருக்குப் பரிசு அறிவித்தது. தாம் அதைக் கேட்கவில்லை என்றும், அவர்களது விளம்பர விளையாட்டில் தமக்குப் பங்கில்லை என்றும் சுடச்சுடத் தந்தியடித்து மறுத்தார். ஆனால், தம் படைப்புகளையும் தாம் சேகரித்த பிற கலைஞர்களின் படைப்புகளையும் ஆயிரக்கணக்கில், தாம் இளமையில் வாழ்ந்த சில்கெபோர் என்னும் சிற்றூரின் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கினார். அங்கேதான் அவரது ‘ஸ்டாலின்கிராட்’ ஓவியம் உள்ளது. 1957இல் தொடங்கி, மறைவுக்கு முந்தைய ஆண்டான 1972 வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமுள்ள அப்படத்தில் வீரனில்லை, கொடியில்லை. பனியும் புகையும் மூடி அழித்த ஒரு வெளிதான் தெரிகிறது. பாசிசத்தின் முதுகெலும்பை முறித்த அப்போரின் விலையை அது உணர்த்துகிறது.

போருக்குப் பின் யோர்ன் கட்சியை விட்டு விலகினார்; மார்க்சியத்தை விட்டு விலகவில்லை. விமர்சனச் சிந்தனைக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது என்பது அவரது குறைபாடு. இதை அவரது தனிமனிதப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. புதுமை முயன்ற கலைஞனை இயக்கம் ஏன் தக்கவைக்க முடியவில்லை என்று கேட்பதே நேர்மை.

வங்கப் பஞ்சத்தைத் தீட்டிய தோழர் சித்தப்ரசாத்தின் கோடுகள் நம்மிடம் உடனே பேசுகின்றன. யோர்னின் வண்ணங்கள் அவ்வாறு பேசுவதில்லை. நின்று பார்க்கச் சொல்கின்றன. உழைக்கும் மக்களுக்கு இரண்டுமே உரியவை. பரிசை மறுத்தவரின் ஓவியங்களை இன்று ஏலச் சந்தை பெருந்தொகைக்கு விற்கிறது. ‘நமக்குப் புரியாது’ என்று நாம் விலகும் ஒவ்வொரு முறையும் அச்சந்தைக்கே வழிவிடுகிறோம்.