மனசு மட்டும் பளு தூக்காது

ஆம்பூரில் ஒரு பள்ளி விழா. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர், வலி என்பது மனசு சொல்லும் பொய், ஜெயிக்கிற மனசு இருந்தால் உடம்பு தானாக வழிக்கு வரும் என்று முழங்கினார். சாட்சிக்கு அவர் இழுத்தது வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை. தொடைக் காயத்தோடு போய் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினாரே, அது மனசின் வெற்றி இல்லையா என்றார். பிள்ளைகள் நம்பிக் கை தட்டினார்கள். அவர்கள் நம்பியதால்தான் இதை எழுதுகிறேன்.

சதீஷின் கணக்கையே எடுப்போம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில், 77 கிலோ பிரிவில், ஸ்நாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ. கோல்டு கோஸ்ட்டில் அதே பிரிவில் 144, 173, மொத்தம் 317. வலி பொய் என்றால் அந்த 11 கிலோ எங்கே போனது? இடையில் ரியோ ஒலிம்பிக்கையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு மன உறுதியா குறைந்துவிட்டது? தேசியப் போட்டியில் 194 கிலோ முயன்றபோது தொடைத் தசை அடிபட்டது, பதக்கம் கிடைக்குமென்றே நினைக்கவில்லை என்று ஜெயித்த கையோடு அவரே சொன்னார். தன் வலி நிஜம் என்று சொன்னவரைக் கூட்டிவந்து வலி பொய் என்று நிறுவப் பார்ப்பது அநியாயம்.

பேச்சாளர் மறைத்தது இன்னும் பெரிது. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் ஸ்நாட்சில் 145 தூக்கி 1 கிலோ முன்னால் நின்றார். பிறகு கிளீன் அண்ட் ஜெர்க்கில் 171 கிலோவில் தோற்று 312-ல் முடித்துக்கொண்டார். தங்கம் உறுதியானதும் சதீஷ் தன் கடைசி முயற்சிக்கு மேடையேறவே இல்லை. தேவையில்லாத பளுவுக்கு அடிபட்ட தொடையைக் காவு கொடுக்க வேண்டியதில்லையே. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அன்று மேடையேறியிருக்கும், தசை கிழிந்து திரும்பியிருக்கும்.

மனக்குவிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பளுதூக்கும் மேடையில் பெயர் கூப்பிட்டதும் கடிகாரம் 1 நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கும். அதற்குள் கம்பி தரையை விட்டு எழும்ப வேண்டும். அந்த நேரத்தில் பிடி, முதுகு, மூச்சு தவிர வேறெதுவும் நினைவில் இல்லாதபடி ஒருவர் நிற்கிறார் என்றால், பல வருடம் அதே அசைவைச் செய்து செய்து வந்த பழக்கம் அது. அந்தப் பழக்கத்துக்கு ஆள் வேண்டும், சோறு வேண்டும், தூக்கம் வேண்டும். சதீஷின் தந்தை ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளு தூக்கியவர். சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. பிறகு ரயில்வே வேலை தந்தது. அதே கோல்டு கோஸ்ட்டில் தங்கம் வென்ற மீராபாய் சானு, போட்டி நடக்கும் இடத்துக்குத் தன் பிசியோதெரபிஸ்ட்டை விடவில்லை என்று வருத்தப்பட்டார். தங்கம் வாங்கியவர்களே கேட்பது தசையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத்தான்.

பேச்சாளர் இந்தப் பேச்சை யாரிடம் பேசினார் என்பதில்தான் எனக்கு ஆத்திரம். அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறவர்கள். தோலில் ஊசி தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை மறையாது, பிரித்துத் தைத்தாலும் தடம் நிற்கும். ஓரத்தை ஒட்டித் தையல் பிசகாமல், மணிக்கு இத்தனை என்ற டார்கெட்டோடு, நாள் முழுக்க அதிலேயே கண் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவனத்தை எந்தப் பேச்சாளர் கற்றுத்தரப் போகிறார்? சாயங்காலம் தையல் கோணினால் அது கண் களைப்பு, கழுத்து வலி. அதை மனநிலைக் குறை என்று பெயர் மாற்றிவிட்டால், வெளிச்சம் போதுமா, ஓய்வு உண்டா என்று கம்பெனியை யாரும் கேட்க வேண்டியதில்லை. பழி முழுக்கக் கூலி வாங்குகிறவள் தலையில் விழும்.

பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அம்மா விடியலிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட, வெறும் வயிற்றோடு வந்து முதல் பீரியடில் தலை கவிழ்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜெயிக்கிற மனசு இல்லை என்று எவர் சொன்னாலும் ஒப்பமாட்டேன். 2022-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானதாகத்தான் தொடங்கியது. அதை எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நீட்டுங்கள் என்று அந்த மேடையில் பேச்சாளர் கேட்டிருக்க வேண்டும். மைக் அவர் கையில்தான் இருந்தது.