கைநாட்டும் கணக்கும்

எடப்பாடி வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடுகையில், கடன் பத்திரங்களில் இன்னும் சில கைநாட்டுகளைக் காண்கின்றோம். படிக்க இயலாத அங்கத்தினர், தம் கணக்கையே பிறர் வாய்மொழி கேட்டு நம்ப வேண்டியவராகின்றார். இக்குறை நீங்கும் வழியை அண்டைத் தீவாகிய இலங்கையின் வரலாறு காட்டுகின்றது.

அங்கு 1824-இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பள்ளி அமைத்தது. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களையும் அச்சிட்டளித்தார். எனினும் 1881-இல் தீவு முழுமையிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. தாய்மொழிப் பள்ளிகள் ஊர்தோறும் பரவியபின், 1946-இல் அது 58 ஆயிற்று. அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. 2012-இல் எழுத்தறிவு ஏறத்தாழ 96 விழுக்காட்டை எட்டிற்று.

தமிழ்நாட்டில் 2011-இல் இது 80 விழுக்காடு. எஞ்சியோருள் நம் தறியிலும் வயலிலும் உழைப்போரும் உளர். அவர்கள் பொருட்டு, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடத்தைத் திறந்து வைப்போமாக. படித்த அங்கத்தினர் ஒருவர் பாஸ் புத்தகத்தையே பாடநூலாகக் கொண்டு கற்பிக்கலாம். தம் கணக்கைத் தாமே படிக்கும் அங்கத்தினரே சங்கத்தின் முதல் தணிக்கையாளர் என்பது நம் துணிபு.