கடல் கடந்த ஒரு தவணை

பட்டப்படிப்பின் நடுவே ஒரு தவணையை அந்நிய நாட்டிற் கற்று மீளும் மாணவரின் கல்வியைத் தாய்ச் சர்வகலாசாலை ஏற்குமா? பெட்டி கட்டும் பரபரப்பில் நாம் இதனை மறந்துவிடுகிறோம்.

இத்தாலிய மாணவி சோபியா கொராடி 1957 இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையிலே சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். ரோமாபுரிக்கு மீண்டபோது அப்படிப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை, ஏளனமே கிடைத்தது. (கடல் கடந்தவள் படிக்கவா போனாள் என்னும் ஐயம் எந்நாட்டுக்கும் பொது போலும்!) அம்மையார் ஓயவில்லை. பல ஆண்டுகள் விடாது வாதாடினார். 1987 இல் ஐரோப்பாவில் ‘எராஸ்மஸ்’ திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் அதன்வழிச் சென்றனர்.

இத்திட்டத்தில் மாணவரும் இரு சர்வகலாசாலைகளும், கற்கவிருக்கும் பாடங்களைக் குறித்து, பயணத்துக்கு முன்னரே உடன்படிக்கையில் ஒப்பமிடுவர். அரையாண்டுக்கு வழமையாக 30 அலகுகள். சித்தியடைந்தவை பட்டத்திற் சேரும். எந்நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றாரும், கம்பளிச் சட்டை தேடுமுன் இத்தகைய தாள் உண்டாவெனக் கேட்டறிதல் நன்று. அங்கு சென்றபின் குறித்த பாடம் நடைபெறாதென்று தெரிந்தால், மாற்றுப் பாடத்துக்கும் மூவரின் சம்மதம் உடனே வேண்டும். தவணை முடிந்தபின் கேட்பது வீண்.