எக்ஸ்பி பெட்டியை எடைக்குப் போடும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. நெசவுத் தொழிலில் இருப்பவர்களும், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் உங்கள் விருப்பம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து ஆரணியிலும் சுற்றுப்பட்டிலும் ஒரே பேச்சு: "பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க." விற்பவர்கள் சொல்வது அவர்கள் தொழில். ஆனால் இந்தப் பேச்சில் அடிபட்டுப் போவது விண்டோஸ் 10 மட்டுமல்ல. அதற்கும் முந்தைய எக்ஸ்பி, 98 பெட்டிகள் இன்னும் பல டிசைன் அறைகளில் மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. சும்மா உட்காரவில்லை. பட்டுப்புடவையின் கரையும் முந்தியும் புட்டாவும் அதற்குள் இருக்கின்றன.

பள்ளியில் கணக்கும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் நடத்தியவன் என்பதால், டிசைன் போடும் தம்பிகள் சிலர் என்னிடம் வருவதுண்டு. ஒருவர் சொன்னது: "சார், இந்தப் பெட்டி நின்னுபோச்சுன்னா எங்க அப்பா காலத்து டிசைன் எல்லாம் போச்சு சார்." புதுக் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் நிறுவவே மாட்டேன் என்கிறது. விற்ற ஆள் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. இதுதான் பிரச்சினை. இது ஒரு வீட்டுக் கதை இல்லை.

முதலில் தொழில் தெரியாதவர்களுக்காக. ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு கொக்கியும் பாவு இழைகளைத் தூக்கும். எந்த ஊடைக்கு எந்தக் கொக்கி ஏற வேண்டும் என்பதை அட்டையில் இருக்கும் துளை சொல்லும். துளை இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. லியோன் நகரத்து ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நம் ஊர்த் தறி மேட்டில் இன்றும் அதே தத்துவம்தான். முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சாயம் பூசி, அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். பிறகு கட்டம் பூசும் வேலை கம்ப்யூட்டருக்கு வந்தது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த தறிகளில் அட்டையே கிடையாது, டிசைன் நேராக ஃபைலாகத் தறிக்குப் போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. 240 கொக்கிக் கரை, 600 ஊடைக்கு ஒரு டிசைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240-ஐ 600-ஆல் பெருக்கினால் 1,44,000 புள்ளிகள். ஒவ்வொன்றும் ஏறு, ஏறாதே என்ற இரண்டில் ஒன்று. அதாவது ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட். மொத்தம் 18,000 பைட். பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் இப்படி 70 டிசைன்களுக்கு மேல் அடங்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு காலை வணக்கப் படத்தில் நூறு கரையை வைக்கலாம். இவ்வளவு சின்னப் பொருளைத்தான் நாம் தொலைக்கப் போகிறோம்.

அட்டைக்கு இந்த ஆபத்து கிடையாது என்பதைக் கவனியுங்கள். பரணில் கிடக்கும் ஐம்பது வருட அட்டைக் கட்டை எலி கடிக்காமல் இருந்தால் போதும். தறியில் மாட்டினால் நெய்யும். தறி இல்லாவிட்டாலும் துளையைக் கண்ணால் பார்த்துக் கிராஃபில் திரும்ப ஏற்றிவிடலாம். கம்ப்யூட்டர் ஃபைல் அப்படி இல்லை. அதை எழுதிய மென்பொருள்தான் அதைப் படிக்கும். மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும், அதுவும் அந்தக் காலத்து விண்டோஸ்.

இங்கேதான் பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம். விண்டோஸுக்காக எழுதிய பழைய மென்பொருளை விண்டோஸே ஓட்டாது. விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருள்கள் 16 பிட். 64 பிட் விண்டோஸ் எதுவும் அவற்றை ஏற்காது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்தில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும், அதை நிறுவும் செட்டப் ஃபைல் பல நேரம் 16 பிட்டாகவே இருந்தது. உள்ளே இருப்பது ஓடக்கூடியதுதான், ஆனால் வாசற்கதவு திறக்காது. "இந்த மென்பொருள் செத்துப்போச்சு" என்று கடைக்காரர் கைவிரிப்பதில் ஒரு பங்கு இந்தக் கதவுப் பிரச்சினைதான்.

அந்தக் கதவை லினக்ஸில் திறக்கலாம். அதற்கு வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. 1993-இல் தொடங்கிய வேலை. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் நடக்கிறது. 1.0 என்று பெயர் வைத்து வெளியிட 2008 ஜூன் வரை, 15 வருடம் பொறுத்தார்கள். இலவசம்.

அது செய்வது இதுதான். டிசைன் மென்பொருள் தானாகத் திரையில் ஒரு கோடு போட்டுவிடாது. "ஒரு சன்னல் திற", "இங்கே கோடு போடு", "இந்த ஃபைலைக் கொடு" என்று விண்டோஸிடம் கேட்கும். வைன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதையெல்லாம் லினக்ஸிடம் வாங்கிக் கொடுக்கும். கேட்டவனுக்குக் கொடுத்தது யார் என்று தெரியாது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் அதே இனம் என்பதால் மென்பொருளின் கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டியதும் இல்லை, நேரடியாக ஓடும். அதனால் பழைய, வேகம் குறைந்த பெட்டியிலும் இழுக்காமல் வேலை நடக்கும். 64 பிட் லினக்ஸில் வைனின் 32 பிட் பகுதிகளையும் சேர்த்து நிறுவினால், விண்டோஸ் 11 தள்ளிவிட்ட அந்த 16 பிட் செட்டப்கள்கூட ஓட வாய்ப்பிருக்கிறது. டாஸ் காலத்து மென்பொருள் என்றால் டாஸ்பாக்ஸ். அதுவும் இலவசம்.

"இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் வேலை சார்" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1992-இல் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ்/2 என்ற தன் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் மென்பொருளை விண்டோஸை விட நன்றாக ஓட்டுவோம் என்பதுதான் அதன் விளம்பரமே. சொன்னபடி நன்றாகத்தான் ஓட்டியது. ஆனாலும் சந்தையில் தோற்றது. தோல்விக்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது ஒன்று: விண்டோஸுக்கு எழுதினாலே இதிலும் ஓடும் என்றால், ஓஎஸ்/2-க்கென்று யார் தனியாக எழுதுவார்கள்? எழுதவில்லை. பிறகு விண்டோஸ் 95 வந்து புது மென்பொருள்கள் வேறு பாதையில் போனபோது ஓஎஸ்/2-ஆல் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 2006-ஓடு ஐபிஎம் ஆதரவை முடித்துக்கொண்டது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. நியூயார்க் சுரங்க ரயிலின் மெட்ரோகார்டு ஏற்பாட்டில் ஓஎஸ்/2 பல்லாண்டு உழைத்தது. 2017-இல் ஆர்க்கா நோயே என்ற சிறு நிறுவனம் அதை ஆர்க்காஓஎஸ் என்ற பெயரில் புதிய கம்ப்யூட்டர்களில் நிறுவும்படி கொண்டுவந்து இன்றும் விற்கிறது. நம்மைப் போலவே மாற்ற முடியாத மென்பொருள் வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள். விண்டோஸ் 3.1 மென்பொருள்கள் அதில் இன்றும் ஓடுகின்றன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. புது விண்டோஸ் மென்பொருளை இன்னொரு இயங்குதளத்தில் ஓட்டுவது ஓடுகிற பேருந்தைத் துரத்துவது போல. ஓஎஸ்/2 அதில்தான் மூச்சு வாங்கியது. பழைய மென்பொருள் அப்படி இல்லை, பேருந்து நின்றுவிட்டது. 1998-இல் எழுதியது இனி மாறப்போவதில்லை. ஒருமுறை ஓடவைத்துவிட்டால், அந்த ஏற்பாட்டை நாம் கலைக்காதவரை ஓடும். லினக்ஸுக்கு முழுதாக மாறுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கணக்கு வழக்குக்கும் ஜிஎஸ்டிக்கும் எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிசைன் மென்பொருளுக்கென்று ஒரு பெட்டியில் லினக்ஸும் வைனும் போட்டு வையுங்கள் என்பதுதான் என் கட்சி.

லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-லேயே வந்தது. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் தன் அலுவலக வேலையையே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் மாணவர்கள் வாங்கிவந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறக்கச் சொல்லிக்கொடுக்க எங்களில் பலருக்கும் பயிற்சி இல்லை. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கே கொண்டுபோனார்கள். அதைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும், இங்கே வேண்டாம்.

வைனால் எல்லாம் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய முட்டுக்கட்டை டாங்கிள். அந்தக் காலத்து விலை உயர்ந்த மென்பொருள்கள் பலவற்றோடு ஒரு பூட்டு வரும். பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் அதைச் சொருகினால்தான் மென்பொருள் திறக்கும். அந்தப் பூட்டோடு பேசும் டிரைவர் விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காரும் சரக்கு. வைன் அந்த மட்டத்துக்குப் போகாது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை. அப்படிப்பட்டவர்கள் பழைய பெட்டியை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை. இணையத்தில் இணைக்காமல் வையுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே பாதுகாப்பு நின்றுவிட்டது. தமிழ் எழுத்துருவிலும் சிக்கல் வரும். டிசைன் பெயர்களைப் பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்து எடுத்துவைக்காவிட்டால் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும்.

ஆனால் எந்தப் பெட்டியானாலும், ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிசைன் மென்பொருள்களில் பிஎம்பி படமாக ஏற்றுமதி செய்யும் வசதி பெரும்பாலும் இருக்கும். ஒரு கொக்கிக்கு ஒரு புள்ளி அகலம், ஒரு ஊடைக்கு ஒரு புள்ளி உயரம் என்று அளவு மாறாமல் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். அது ஓரங்களைக் குழப்பிவிடும், எது ஏறு புள்ளி எது ஏறாப் புள்ளி என்று தெரியாமல் போகும். பிஎம்பியை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும், இன்னும் முப்பது வருடம் கழித்தும் திறக்கும் என்றே நம்புகிறேன். மென்பொருளைக் காப்பாற்றச் சொல்வதே இதற்காகத்தான். ஒருமுறை திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டால், பிறகு அது செத்தாலும் பரவாயில்லை.

எங்கள் திருமலைப் பாறையில் ராஜேந்திர சோழன் வென்ற நாடுகளைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வெட்டி ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. ஹூல்ஷ் போன்றவர்கள் வந்து படித்து 1890-இல் அச்சில் ஏற்றினார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது. எந்தச் சிற்பியின் கம்பெனியும் பூட்டுப் போட்டு வைத்திருக்கவில்லை.

அதனால் கூட்டுறவுச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது டிசைன் மென்பொருள் வாங்கும்போது விலையைப் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். டிசைனைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா, கம்பெனி மூடினால் பூட்டு திறக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களில் பழைய மென்பொருளைத் திறந்து டிசைனை எடுத்துக்கொடுக்க ஒரு மேசையும் ஒரு ஆளும் ஒதுக்கலாம். பெரிய செலவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், பெருமைதான். அந்தப் பட்டில் ஏறிய கரைகள் யாருடைய செத்த ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன என்ற பட்டியல் நம்மிடம் இல்லை.

"புது டிசைன்தான் இப்ப ஓடுது, பழசு யாருக்கு சார் வேணும்" என்று ஒரு தம்பி கேட்டார். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வரும் அம்மாக்கள் கைப்பையிலிருந்து பாட்டியின் பழைய புடவைத் துண்டை எடுத்துக் காட்டி "இதே கரை வேணும்" என்று கேட்பதை அவரே எத்தனையோ முறை பார்த்திருப்பார்.

ஃப்ளாப்பி, சிடி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே பிரதி எடுங்கள். சிடிகள் வெயிலிலும் ஈரத்திலும் கெடுகின்றன, ஃப்ளாப்பிகளைக் கேட்கவே வேண்டாம். யுஎஸ்பியில் சொருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது. வைன் போட்ட கணினியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் திருமலை வீட்டில்தான் இருப்பேன். வடமாதிமங்கலத்தில் இறங்கி வருபவர்கள் கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள், கரண்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.