சிறை வாசல் சேதி யாருக்கு முதலில்?

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் இருக்கிறாரா, வெளியே வந்துவிட்டாரா என்பதை அறியும் உரிமை, பாதிக்கப்பட்டவருக்கு இந்தியச் சட்டத்தில் துண்டு துண்டாகவே கிடைக்கிறது. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதில் தெளிவானவை. கைது, ஜாமீன், விடுதலை, காவல் நிலை ஆகியவற்றைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. ஜாமீன் விசாரணைக்கு உரிய நேரத்தில் நோட்டீஸ் பெறவும், ஜாமீன், விடுதலை, பரோல் பற்றித் தன் தரப்பைச் சொல்லவும் அது உரிமை தருகிறது. இது சம்பிரதாயம் அல்ல, கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிதடி, கொலை மிரட்டல், கணவன் வீட்டுக் கொடுமை போன்ற மற்ற பெரும்பாலான வழக்குகளில் இவ்வளவு தெளிவான ஏற்பாடு இல்லை.

இந்தச் சேதி ஏன் உயிர் சம்பந்தப்பட்டது என்பதைச் சேலம், நாமக்கல் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜின் உடல், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. அந்தக் கொலை வழக்கின் முதல் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார். 2016-இல் அவருக்கு உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது; அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மகனைப் பறிகொடுத்த தாய், வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கோரி நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் விதித்த ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இப்படிப்பட்ட வழக்கில் எதிரி உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது சாட்சி கூண்டேறும் துணிவையே தீர்மானித்துவிடும்.

ஜாமீன் உத்தரவு வந்ததும் ஜாமீன்தாரர்கள் நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக்கொடுக்கிறார்கள். விடுதலை ஆணை சிறைக்குப் போகிறது. வேறு வழக்கில் வாரண்ட் நிலுவையில் உண்டா என்று பார்த்துவிட்டு ஆளை அனுப்புகிறார்கள். உத்தரவுகள் சிறைக்குத் தாமதமின்றிச் சேர உச்ச நீதிமன்றம் 2022-இல் 'ஃபாஸ்டர்' என்ற மின்னணு முறையைத் தொடங்கியது. அது நல்ல காரியம். ஒரு நாள்கூட யாரும் வீணாக அடைபட்டிருக்கக் கூடாது. ஆனால் அதே உத்தரவு பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போக அப்படி ஒரு தடம் போடப்படவில்லை. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே வருபவரை, பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் அந்த வீட்டுக்குச் சேதி தெரியவரும்.

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாததால் 60 அல்லது 90 நாளில் கிடைக்கும் ஜாமீன் இன்னும் கொடுமை. அங்கே வாதத்துக்கு இடமில்லை, நாள் கணக்கு மட்டுமே. காவல் துறையின் தாமதத்தால் ஒருவர் வெளியே வரும்போது, அதைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் பொறுப்பாவது காவல் துறைக்கு இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1993 டிசம்பரில் மேரி பைரன் என்ற இளம்பெண்ணை, ஜாமீனில் வந்த முன்னாள் காதலர் சுட்டுக் கொன்றார். அவர் வெளியே வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அந்த மாவட்டத்தில், கைதி விடுதலையாகும்போது தானாகத் தொலைபேசியில் தெரிவிக்கும் 'வைன்' சேவை தொடங்கியது. பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் காவல் துறை, சிறைத் துறை இரண்டும் உள்துறையின் கீழ்தான் வருகின்றன. சிறைகளில் கைதி விவரங்களைக் கணினியில் ஏற்றும் ஈ-பிரிசன்ஸ் முறையும் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதியும்போதே பாதிக்கப்பட்டவரின் கைபேசி எண்ணை, அவர் விரும்பினால், தனியே வாங்கி அந்த முறையோடு இணைக்கலாம். அந்த எண் எதிர்த் தரப்பின் கைக்குப் போகக் கூடாது. சேதி தமிழில், குறுஞ்செய்தியாகவும் குரலாகவும் போக வேண்டும். குமாரபாளையத்தில் நைட் ஷிப்டு தறி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் பெண்ணிடம், பூட்டிய வாசலில் ஒட்டிப்போகும் நோட்டீஸ் சேராது. சேதி சொல்வதற்காக விடுதலையை நிறுத்திவைக்கவும் தேவையில்லை; ஆணை சிறைக்கு வந்த கணமே அழைப்பு போனால் போதும். ஜாமீன் நிபந்தனைகளையும், அவற்றை மீறினால் யாரிடம் சொல்வது என்பதையும் அதே அழைப்பு தெரிவிக்க வேண்டும்.

தண்டனைக்குப் பிறகும் இந்தத் தேவை தீராது. 1997-இல் ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்ட மேலவளவு வழக்கில், ஆயுள் கைதிகள் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது. அந்த முடிவு உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. ஆகவே சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு, முன்விடுதலை, வேறு சிறைக்கு மாற்றம், தப்பி ஓடுதல், சிறையில் மரணம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக உள்துறையின் அரசாணை அமைய வேண்டும். முன்விடுதலைக் கோப்பில் முடிவெடுப்பதற்கு முன்பே பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கருத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவதும் அந்த ஆணையில் இடம்பெற வேண்டும்.