இரண்டு பக்கமும் இறுக்கினால்...

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நம் பெற்றோருக்குப் புகைக்கூடம் நன்றாகத் தெரியும். கீழே விறகு எரியும். மேலே ரப்பர் ஷீட் தொங்கும். புகை தன் போக்கில் ஏறி வெளியே போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, புகையை அதன் போக்கில் விட முடியவில்லை. செம்பனை நாரும் கொட்டை ஓடும்தான் ஆலை பாய்லருக்குத் தீனி. அந்தப் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ள ஒரு பெரிய ஃபேன் வேண்டும். ஆலையில் அதை ‘ஐ.டி. ஃபேன்’ என்பார்கள். அது நின்றால் பாய்லர் நெருப்பை அடக்க வேண்டும். நீராவி இறங்கும், ஆலை நிற்கும், வாசலில் பழக்குலை குவியும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறைந்துவிடும்.

இப்படியொரு ஆலையில் பிட்டராக இருக்கும் இளைஞர் ஒருவர், அண்மையில் வானொலி நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசியில் பேசினார். பாட்டு கேட்கத்தான் அழைத்திருந்தார். பேச்சு ஃபேனில் போய் நின்றது. ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாக பேரிங் போய்விட்டதாம். மலிவுச் சரக்கு வாங்கினாயா, கிரீஸ் அடித்தாயா என்று ஆளாளுக்கு அவரைத்தான் பிடித்தார்கள். “நல்ல பேரிங்தான்க்கா. கிரீஸும் அடிச்சேன். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு” என்றார். புதிதாகக் கல்யாணமானவர்.

விஷயம் இதுதான். ஃபேனின் ஷாஃப்டை இரண்டு பேரிங் தாங்குகின்றன. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரே அளவு, ஒரே வகை இரும்புக் கூடு. வேலை மட்டும் வேறு. ஒன்று ஷாஃப்டை இங்கும் அங்கும் நகரவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது பாரத்தைத் தாங்கினாலும் நகர்ந்துகொடுக்க வேண்டும். காரணம் சூடு. உள்ளே போகும் புகை 200 டிகிரிக்கும் மேல். ஷாஃப்டும் சூடாகி நீள்கிறது. அடித்தளத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறிய 2 மீட்டர் எஃகு ஷாஃப்ட் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். அரிசி நொய் அளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து வைத்தால் அந்த நொய்க்கும் போக இடமில்லை. பேரிங்கின் உள்வளையத்தை ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பேரிங்கைக் கூட்டுக்குள் நகராமல் நிறுத்த இரு பக்கமும் ‘லொகேட்டிங் ரிங்’ என்ற வளையம் போடுவார்கள். பிடித்துக்கொள்ளும் பக்கத்துக்கு மட்டும்தான் அது. கையில் வளையம் இருந்தால் மறுபக்கமும் போடத்தான் கை போகும். ஆடாமல் இருப்பதுதானே நல்லது என்று தோன்றும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இங்கே அச்சாணி ஒன்று கூடிப்போனதுதான் தொல்லை.

காலையில் ஃபேனை ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடும். ஷாஃப்ட் சூடேறிய பிறகுதான் பேரிங் கொதிக்கும். உடனே கிரீஸ் அடிப்பார்கள். கூட்டுக்குள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருந்தாலே போதும் கிரீஸை மேலும் திணித்தால், அதைக் கடைவதிலேயே இன்னும் சூடு ஏறும்!

‘தானாகச் சரிசெய்துகொள்ளும் பேரிங்தானே’ என்று சிலர் வாதிடுவார்கள். அதைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் ஸ்வென் விங்க்விஸ்ட், 1907-இல். கோத்தன்பர்க் நகரில் அவர் வேலை பார்த்த நெசவாலை களிமண் நிலத்தில் இருந்தது. நிலம் இறங்க இறங்க ஷாஃப்டுகள் கோணி, பேரிங்குகள் கெட்டுக்கொண்டே இருந்தன. கோணலைப் பொறுக்கும்படி ஒரு பேரிங் செய்தார். ஆலை ஃபேன்களில் இன்று நாம் காணும் இரண்டு வரிசை உருளை பேரிங் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அது பொறுப்பது கோணலை; நீட்சியை அல்ல. நீட்சிக்குக் கூட்டில் இடம் விட வேண்டியது பிட்டரின் வேலை.

கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓர் ஒர்க்‌ஷாப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். இரண்டு வரிசையில் ஒன்று மட்டும் தேய்ந்து, மற்றது பளபளப்பாகவே இருந்தால், ஷாஃப்ட் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மறுவாரம் படம் அனுப்பினார். அப்படியேதான் இருந்தது. அந்தப் படத்தை மேலாளரிடமும் காட்டினாராம்.

பிடித்துக்கொள்ளும் பேரிங் பெரும்பாலும் மோட்டார் பக்கம் இருக்கும்; எந்தப் பக்கம் என்பதை ஃபேன் தயாரிப்பாளரின் வரைபடம் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நகரும் பேரிங்கைக் கூட்டின் ஓரத்தில் முட்ட வைத்துவிட்டால் வளையத்தைக் கழற்றியும் பயனில்லை; ஷாஃப்ட் நீளும் திசையில் இடைவெளி விட்டே வைக்க வேண்டும்.

அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தின்போது அவர் மறுபக்க வளையங்களைக் கழற்றியிருக்கிறார். கூடவே இரண்டு கூட்டின் மேலும் பெயிண்டால் மலாயில் எழுதி வைத்திருக்கிறார்: ஒன்றில் ‘தெத்தாப்’, மற்றதில் ‘பெபாஸ்’. இரவு ஷிஃப்டில் இருக்கும் வங்காளதேசத்து நண்பருக்கும் அது புரியுமாம்.