போர்டு ஓகேவா? சில நூறு ரூபாயில் ஒரு பரிசோதகர்

“லைட் எரியுது சார், ஓகே!” சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பட்டறைகளில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளின் சோதனை பல நேரம் இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. கேபிளைச் செருகு, பட்டனை அழுத்து, எல்.இ.டி. எரியுதா பார். முதல் 20 போர்டுக்கு இது சரி. 150-வது போர்டில் கண் சோர்ந்திருக்கும். போன மாத ஃபார்ம்வேர் ஏறியிருந்தாலும் லைட் என்னவோ எரியத்தான் செய்யும். யாரோ ஒருவர் வீட்டில் மோட்டார் ஓடாமல் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

உற்பத்திக்கென்றே வரும் புரோகிராமர் கருவிகள் சின்ன கம்பெனிகளின் பட்ஜெட்டுக்குள் அடங்குவதில்லை. ஆனால் மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பைக்கோவில், அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் ‘டீபக்புரோப்’ ஃபார்ம்வேரை ஏற்றினால், அதுவே ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகை சிப்களுக்கான புரோகிராமராகிவிடும். இரண்டு சிக்னல் வயர், ஒரு கிரவுண்ட். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் ‘ஓப்பன்ஓசிடி’ என்ற இலவச மென்பொருள் வேண்டும். இதை மவுஸால் கிளிக் செய்யத் தேவையில்லை. பைத்தான் ஸ்கிரிப்டில் ஒரு கட்டளையாக எழுதிவிடலாம். ஃபார்ம்வேரை ஏற்று, திரும்பப் படித்துச் சரிபார், ரீசெட் செய். எங்கே தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று சிவப்பு காட்டும். மைக்ரோபைத்தான் ஓடும் இரண்டாவது பைக்கோ, ஸ்பிரிங் வைத்த போகோ பின்கள் வழியாக போர்டைத் தொட்டு வோல்டேஜை அளக்கும். ரிலே பின் நிஜமாகவே மாறுகிறதா என்றும் பார்க்கும்.

பணம் மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம், கையில் ஒரு பதிவு இருப்பது. எஸ்டிஎம்32 சிப்களில் ஆலையிலேயே பதித்த 96 பிட் தனி அடையாள எண் உண்டு. ஸ்கிரிப்ட் அதைப் படித்து, எந்த ஃபார்ம்வேர், எத்தனை வோல்ட், எத்தனை மணிக்கு என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு போர்டு ரிப்பேருக்கு வந்தால், “அன்னைக்கு யார் டெஸ்ட் பண்ணது?” என்ற விசாரணைக்கு வேலை இல்லை, அந்த வரியைத் தேடி எடுத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பைக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சிப் போய்விடலாம், இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். பவர் கொடுக்கும் முன் ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சூட்டில் விட்டுப்போகும் சால்டரை இந்தச் செட்டப் கண்டுபிடிக்காது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பரிசோதகரையும் பரிசோதிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு காலை சால்டர் செய்யாமல் விட்ட போர்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, தினமும் காலையில் முதலில் அதைத்தான் மாட்ட வேண்டும். அதற்கும் பச்சை காட்டினால், அன்றைய உற்பத்தியைத் தொடங்கும் முன் சரிசெய்ய வேண்டியது ஸ்கிரிப்டை.